உள்ளே இருக்கும் தெர்மோகப்பிளுக்கு மேலே நடந்தது தெரியுமா?

போன வருடம் ஒரு கியர் தொழிற்சாலையில் இருந்து ரிப்போர்ட் ஒன்று என் மேஜைக்கு வந்தது. ஹீட் ட்ரீட்மென்ட்டில், அதாவது உருக்கைச் சூடாக்கிக் கடினமாக்கும் வேலையில், எண்ணெயில் முக்கி எடுக்கும்போது பல்லின் அடியில் விரிசல் விழுகிறது, எண்ணெய் கெட்டுவிட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று முடிவே எழுதியிருந்தார்கள். ஆதாரத்துக்கு ஒரு வரைபடம்: சோதனைத் துண்டை எண்ணெயில் இறக்கிய நொடியிலிருந்து அதன் மேற்பரப்பு வழியாக எவ்வளவு வெப்பம் வெளியேறியது என்று. கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. நான்காவது நொடிக்குப் பக்கத்தில் பூஜ்யத்துக்குக் கீழேயே போயிருந்தது. அதாவது 60 டிகிரி எண்ணெய், 700 டிகிரி உருக்கைச் சூடாக்கியிருக்கிறது! யார் கண்ணிலும் படவில்லை. சாஃப்ட்வேர் சொல்லிவிட்டது, அதுவும் இரண்டு தசமம் வரைக்கும்.

கொதிக்கும் எண்ணெய்க்குள் மேற்பரப்பின் வெப்பநிலையை நேரடியாக அளப்பது கஷ்டம். கம்பியை மேலே ஒட்டினால் அந்தக் கம்பியே, சூடான உருக்கைச் சுற்றி எண்ணெய் ஆவியாகி நிற்கும் ஆவிப்படலத்தைக் கலைத்துவிடும். அதனால் துளை போட்டு உள்ளே தெர்மோகப்பிளை, அதாவது வெப்பநிலை அளக்கும் கம்பி உணரியை, செருகுகிறோம். உள்ளே கிடைத்த வெப்பநிலையை வைத்து, மேலே என்ன நடந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறோம். இன்வர்ஸ் ப்ராப்ளம் என்பது இதுதான்.

சென்னையில் கடைசி மாடியில் குடியிருப்பவர்களுக்கு இது புரியும். மத்தியானம் மொட்டை மாடி கொதித்த சூடு, 15 சென்டிமீட்டர் கான்கிரீட்டைத் தாண்டி உள்கூரைக்கு வர சுமார் 4 மணி நேரம் ஆகிறது. வரும்போது ஏற்ற இறக்கமும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சரி, ராத்திரி கூரையைத் தொட்டுப் பார்த்து, மத்தியானம் 10 நிமிஷம் மேகம் மறைத்ததா என்று சொல்ல முடியுமா? அந்தச் சேதி கான்கிரீட்டுக்குள்ளேயே கரைந்துபோயிருக்கும்.

உருக்கிலும் அதே கதைதான், வேகம் மட்டும் கூடுதல். மேற்பரப்பில் நொடிக்கு ஒரு தடவை 100 டிகிரி ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மி.மீ. ஆழத்தில் அது 0.4 டிகிரிகூட இருக்காது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உள்ளிருந்து மேலே போகும் கணக்கு அந்த வேகத்து அசைவை 270 மடங்கு பெருக்க வேண்டும். பக்கத்தில் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் (மின்காந்தத்தால் உலோகத்தைச் சூடாக்கும் உலை) ஓடுகிற ஷாப்பில் தெர்மோகப்பிள் வயரில் அரை டிகிரி நடுக்கம் வெகு சாதாரணம். அந்த நடுக்கத்துக்கும் அதே பெருக்கல்தான்: மேற்பரப்பில் 135 டிகிரி. நான் பார்த்த ரம்பப் பல் எண்ணெயில் இல்லை, வயரில் இருந்தது.

அளவீடுகளைப் பதிவு செய்யும் டேட்டா லாகரை வேகப்படுத்தினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். இங்கேயும் நொடிக்கு 100 தடவை அளந்திருந்தார்கள். மேலிருந்து உள்ளே போகும் நேர்க் கணக்கில் நேர இடைவெளியைச் சின்னதாக்கினால் விடை மேம்படும். தலைகீழ்க் கணக்கில் அதுவே ஆட்டத்தைக் கூட்டிவிடும். மேற்பரப்பின் வெப்பநிலை சட்டென்று மாறினால், ஒரு நொடி கழிந்தும் அந்த மாற்றத்தில் நூற்றில் மூன்று பங்குகூட 10 மி.மீ. ஆழத்துக்கு வந்திருக்காது. அப்படியிருக்க, நொடியில் நூறில் ஒரு பங்குக்கு ஒரு விடை கேட்டால் கணக்கு எங்கே போகும்? ஒரு நேரத்து வெப்பத்தைக் கணிக்க, அதற்குப் பிறகு வரும் பல அளவீடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பொறியியலாளர் ஜேம்ஸ் பெக் வளர்த்தெடுத்த முறை அது. விடை ரொம்பத் துள்ளினால் அபராதம் போடுவது ரஷ்யக் கணிதர் டிகொனொவ் 1963-இல் வகுத்த வழி. இரண்டுமே கொஞ்சம் கூர்மையை விட்டுக்கொடுத்து நிதானத்தை வாங்குகிறவை.

எவ்வளவு விட்டுக்கொடுப்பது? அந்த ரிப்போர்ட்டில் பெருமையாக ஒரு வரி இருந்தது: கணக்கும் அளவீடும் 0.05 டிகிரிக்குள் பொருந்துகின்றன. எனக்கு அங்கேதான் சந்தேகம் வலுத்தது. கருவியின் நடுக்கமே அரை டிகிரி என்றால், பொருத்தமும் அந்த அளவில்தான் நிற்க வேண்டும். அதைவிட நன்றாகப் பொருந்தினால் நடுக்கத்தையும் சேர்த்துப் பொருத்தியிருக்கிறோம் என்று அர்த்தம்.

கணக்கு சரியாக இருந்தும் விடை தவறலாம், அது வேறு வகை. இயற்பியலாளர் கெல்வின் 1862-இல் நிலத்துக்கடியில் ஆழம் கூடக்கூட வெப்பம் ஏறும் விகிதத்தை வைத்துப் பூமியின் வயதைப் பின்னோக்கிக் கணித்தார்: 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு. கணிதத்தில் பிசகு இல்லை. பூமி முழுக்க ஒரே மாதிரி வெப்பம் கடத்தும் திடப்பொருள் என்று எடுத்துக்கொண்டதுதான் இடித்தது. அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெரியே 1895-இல் அதைச் சுட்டிக்காட்டினார்: உட்பகுதி வெப்பத்தை நன்றாகக் கடத்தினால் வயது பல மடங்கு கூடிவிடும். இன்றைய கணக்கு சுமார் 454 கோடி.

நம் கதைக்கு வருவோம். அதே துண்டைப் புது எண்ணெயிலும் முக்கி அளந்துகொண்டு, அப்புறம் வயர்-கட் மெஷினில் துண்டை அறுத்துப் பார்த்தோம். டிராயிங்கில் 10 மி.மீ. என்று இருந்த தெர்மோகப்பிள் முனை 8.6-இல் உட்கார்ந்திருந்தது, ட்ரில் விலகியிருக்கிறது. 10 என்றே கணக்குப் போட்டால், 10 நொடிக்கு ஒரு முறை வரும் மெதுவான அசைவைக்கூட கால் பங்குக்கு மேல் மிகைப்படுத்திக் காட்டும். சரியான ஆழத்தைக் கொடுத்து, இடைவெளியைப் பெரிதாக்கித் திரும்பப் போட்டபோது ரம்பப் பல் மறைந்து, ஆவிப்படலம், கொதிப்பு, மெதுவான ஆறுதல் என்று பாடப்புத்தகக் கோடு வந்தது. பழைய எண்ணெய்க்கும் புதுசுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எண்ணெயை மாற்றவில்லை. விரிசலைத் தேடிப் போனது, பல்லின் அடியில், பல் வெட்டும் ஹாப்பிங்கில் விழுந்திருந்த டூல் மார்க்கில் போய் நின்றது.