இழைப் படம் மட்டும் போதாது

ஆய்வேட்டு வரைவுகளைத் திறந்தாலே எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் வந்து நிற்கிறது. நீளநீளமான இழைகள், அடியில் 'டென்ட்ரான்களால் ஆன சூப்ராமாலிக்யூலர் பாலிமர்' என்ற குறிப்பு. டென்ட்ரான் என்பது மரம்போல் கிளைத்த மூலக்கூறு; மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி நீளும் சங்கிலிதான் சூப்ராமாலிக்யூலர் பாலிமர். அந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு எழுதிவிடாதீர்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பாலிமர்களில் மூலக்கூறுகளைச் சங்கிலியாக நிறுத்துவது ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மீளக்கூடிய பிடிப்புகள்தான். கரைசல் நீர்த்துப்போனால் சங்கிலி குறுகும். செறிவு ஏறினால் நீளும். நுண்ணோக்கியில் வைக்கும் சிறு கண்ணிவலையில் கரைசலைச் சொட்டு விட்டு உலர்த்தும்போது கரைப்பான் ஆவியாக ஆவியாகச் செறிவு பல மடங்கு ஏறுகிறது. குடுவையில் தனித்தனியே திரிந்த மூலக்கூறுகள்கூட அந்தச் சில நிமிடங்களில் இழையாகிவிடலாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது தூய்மை. இரு முனைகளிலும் நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளை நெதர்லாந்தின் மெய்யர் குழு 1997இல் வெளியிட்டது. ஒரு முனையில் மட்டுமே பற்றக்கூடிய பொருளைச் சிறிதளவு சேர்த்தாலே அக்கரைசலின் பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை) விழுந்துவிடும். காரணம் எளிது: அது சங்கிலியின் வாயை அடைத்துவிடுகிறது. பிடிப்பு எவ்வளவு வலுவானாலும், நூற்றுக்கு ஒன்று அப்படி இருந்தால் சங்கிலி சராசரியாக 200 அலகுகளைத் தாண்டாது. பத்து இருந்தால் 20தான்.

டென்ட்ரான் போன்ற கிளைத்த மூலக்கூறுகளில், ஏதாவதொரு கிளை விடுபட்டவை எளிதில் கலந்துவிடும். வேதியியலாளர் டோமாலியா 1985இல் வெளியிட்ட பாமாம் என்ற டென்ட்ரைமர் (எல்லாப் பக்கமும் கிளைத்த மூலக்கூறு) மையத்திலிருந்து அடுக்கடுக்காக வெளிநோக்கி வளர்வது. ஒவ்வொரு அடுக்கையும் ஒரு தலைமுறை என்பார்கள்; நான்காம் தலைமுறையில் 64 முனைகள். கடைசி அடுக்கில் ஒவ்வொரு முனையும் 99 சதவீதம் வினைபுரிந்தாலும், அந்த அடுக்கு முழுமையாக அமைந்த மூலக்கூறுகள் ஏறக்குறைய பாதிதான். வேதியியலாளர்கள் ஹாக்கரும் ஃப்ரேஷேயும் 1990இல் காட்டிய வழி நேர்மாறானது: இலைநுனியில் தொடங்கி உள்நோக்கி வருவது. ஒவ்வொரு படியிலும் ஓரிரு இடங்களே வினைபுரிவதால் குறையுள்ளவற்றைப் பிரித்தெடுப்பது எளிது. அடுக்கிச் சேரும் டென்ட்ரான்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். கிளை குறைந்தால் வடிவமும் மாறும். விசிறியாக விரிந்தவை வட்டாகச் சேர்ந்து தூணாக அடுக்கிக்கொள்ளும், கூம்பானவையோ கோளமாகத் திரளும் என்பதை வேதியியலாளர் பெர்செக்கின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் சில சதவீதக் குறை கண்ணில் படாமல் போய்விடும். மூலக்கூறுகளை எடைவாரியாகக் காட்டும் நிறை நிறமாலையில் முதன்மை உச்சத்துக்கு இடப்பக்கம், அதாவது எடை குறைந்த பக்கம், பாருங்கள். சின்னச் சின்ன மேடுகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் கிளை இழந்தவை. மறுபடியும் தூய்மைப்படுத்துங்கள். பிறகு பல செறிவுகளில் பாகுநிலையை அளந்து, இழைப் படத்துக்குப் பக்கத்திலேயே அந்த வரைபடத்தையும் வையுங்கள்.