தருமபுரத்துச் சாம்சங்கும் ரொறன்ரோ ஐபோனும்

இலங்கையின் வன்னியில் ஒரு குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவைத் திறந்தால் அதற்குள் அரை உலகம் இருக்கும். தருமபுரத்தில் அம்மாவின் கையில் கண்ணாடி வெடித்த சாம்சங். ரொறன்ரோவில் மூத்தவனிடம் ஐபோன். பாரிஸில் இளையவன் விண்டோஸ் மடிக்கணினியில் பார்ப்பான். சுவிஸில் மகளிடம் அப்பிள் கணினி. இந்தக் கருவிகளின் பின்னால் இருக்கும் நிறுவனங்கள் சந்தையில் ஒன்றையொன்று விழுத்தப் பார்ப்பவை. ஆனாலும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் அம்மா எடுத்த படம் மற்ற மூன்று இடத்துக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. அதைத் தடுக்கும் வல்லமை அந்த நிறுவனங்களிடம் இல்லாமலில்லை. பலமுறை தடுத்துக் காட்டியும் இருக்கின்றன.

1999இல் மைக்ரோசொப்ட் தன் எம்எஸ்என் மெசெஞ்சர் என்ற அரட்டைச் செயலியை வெளியிட்டபோது, போட்டி அரட்டைச் சேவை நடத்திய ஏஓஎல் நிறுவனத்தின் பாவனையாளர்களோடும் அதிலிருந்தே பேச முடிந்தது. ஏஓஎல் அதை அடைத்தது. மைக்ரோசொப்ட் வேறு வழி கண்டுபிடித்தது. அதையும் அடைத்தார்கள். இந்தக் கள்ளன்-பொலிஸ் விளையாட்டு மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் மைக்ரோசொப்ட் கைவிட்டது. 2011இல் வந்த அப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜ் அப்பிள் கருவிகளுக்குள் மட்டுமே ஓடுகிறது. 2023 டிசெம்பரில் பீப்பர் மினி என்ற செயலி ஐமெசேஜை அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் ஓட வைத்தது. சில நாட்களுக்குள் அப்பிள் அந்த வழியை மூடிவிட்டது. ஓட வைக்க முடியும் என்பதற்கு அந்தச் சில நாட்களே சாட்சி. இங்கே சுவரைக் கட்டியது வியாபாரம்; பொறியியலில் அப்படியொரு சுவர் இல்லை.

எந்தத் தொலைபேசிக்கும் எந்தத் தொலைபேசியிலிருந்தும் போகும் பழைய வழி ஒன்று உண்டு: குறுஞ்செய்தி. 1992 டிசெம்பர் 3இல் முதலாவது குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. ஒரு குறுஞ்செய்திக்குள் 140 பைட் அடங்கும்; ஒரு பைட் என்பது 8 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் எழுதலாம். தமிழுக்கு 16 பிட் வேண்டும், எனவே 70தான். முழு ஆங்கிலச் செய்திக்குள் ஒரேயொரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் கணக்கு 70க்கு இறங்கிவிடும். அந்த 70ம் நாம் வாயால் எண்ணும் எழுத்துகள் அல்ல. ‘முல்லைத்தீவு’ நமக்கு ஆறு எழுத்து. கணினிகளின் பொது எழுத்து முறையான யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் பன்னிரண்டு. ஊர்ப்பெயரை எழுதி முடிக்கும் முன்னரே ஆறில் ஒரு பங்கு இடம் போய்விடுகிறது. நம்மவர்கள் குரல் செய்தி அனுப்பப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

2009இல் தொடங்கிய வட்ஸ்அப் சுவரை உடைக்கப் போகவில்லை. எல்லா வீட்டுக்குள்ளும் தானே குடியேறியது. ஐபோனுக்கு ஒரு செயலி, அன்ட்ரொயிட்டுக்கு ஒன்று, பிளாக்பெரிக்கு ஒன்று, நொக்கியாவின் மலிவான பொத்தான் தொலைபேசிகளுக்கும் ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதப்பட்டவை. ஆனால் சேவையகத்தோடு, அதாவது நடுவில் நின்று செய்திகளை வாங்கிக் கொடுக்கும் நிறுவனக் கணினியோடு, பேசும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே. வலையில் போவது வெறும் பைட்டுகள். அவை எந்தக் கருவியில் பிறந்தவை என்று சேவையகம் பொருட்படுத்துவதில்லை.

இனி அம்மா ‘சாப்பிட்டியா’ என்று தட்டியதும் நடப்பதைப் பார்ப்போம்.

முதலில் முகவரி. இந்தச் சேவைகளில் தொலைபேசி எண்ணே ஆளின் பெயர். சர்வதேச ஒழுங்கில் எந்த எண்ணும் நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து 15 இலக்கத்தைத் தாண்டாது. இலங்கைக்கு அந்தக் குறியீடு 94. அம்மாவின் எண்ணை ரொறன்ரோவில் மகன் பூச்சியத்தில் தொடங்கும் ஊர் எண்ணாகவே பதிந்துவைத்தால், செயலி அதைக் கனடா எண்ணாகக் கருதித் தேடும், கிடைக்காது. ‘அம்மா வட்ஸ்அப்பில் இல்லை’ என்ற முறைப்பாடுகளில் பல இந்தப் பூச்சியத்தில் வந்து நிற்பவை.

அடுத்தது பூட்டு, விடயத்தின் இதயம் இதுதான். செயலியை நிறுவும்போது ஒவ்வொரு தொலைபேசியும் தனக்குள்ளே ஒரு சோடிச் சாவியை உருவாக்குகிறது. ஒன்று பொதுச் சாவி; அது சேவையகத்துக்குப் போகும். மற்றது இரகசியச் சாவி. அது தொலைபேசியை விட்டு வெளியே வராது. அம்மாவின் சாம்சங் மகனின் பொதுச் சாவியை வாங்கி, அதையும் தன் சாவியையும் கணிதத்தில் கலந்து, அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஓர் எண்ணை உருவாக்கிக்கொள்ளும். அதிலிருந்து ஒவ்வொரு செய்திக்கும் புதுச் சாவி பிறக்கும். பாவித்த சாவி உடனே அழிக்கப்படும். இடையில் நிற்கும் சேவையகத்துக்குத் தெரிவது யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பதே. என்ன எழுதினார் என்பது தெரியாது. வட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலில் இது எல்லாத் தளங்களுக்கும் வந்து சேர்ந்தது. யுத்த காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாகக் குடும்பச் செய்தியைத் திறந்த தாளில், யாரும் வாசிக்கலாம் என்று தெரிந்தே எழுதிய தலைமுறைக்கு இந்தப் பூட்டின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் சாவி தொலைபேசிக்குள் இருந்தால், பாரிஸில் இளையவன் மடிக்கணினியில் எப்படிப் படிப்பான்? 2015இல் கணினி வழி வந்தபோது அது தொலைபேசியின் கண்ணாடிப் பிம்பமாகவே இருந்தது. தொலைபேசியில் பெற்றி தீர்ந்தால் கணினித் திரையும் செத்துவிடும். 2021இல் அமைப்பையே மாற்றினார்கள். இப்போது கணினிக்கும் சொந்தச் சோடிச் சாவி உண்டு. திரையில் தோன்றும் சதுரக் குறியீட்டைத் தொலைபேசியால் படம் பிடிக்கும்போது, கணினியின் பொதுச் சாவி கமரா வழியாகத் தொலைபேசிக்குப் போகிறது. தொலைபேசி அதற்குக் கையொப்பம் வைத்து ‘இதுவும் என்னுடையதுதான்’ என்று உறுதிப்படுத்துகிறது. அதன்பின் அம்மா இளையவனுக்கு அனுப்பும் ஒரு செய்தியை அவரது சாம்சங் இரண்டு முறை பூட்டுகிறது: அவனது தொலைபேசிக்கு ஒன்று, மடிக்கணினிக்கு ஒன்று. குழுவில் இப்படி ஒவ்வொன்றாகப் பூட்டினால் பழைய தொலைபேசி திணறிப்போகும். அதனால் அங்கே ஒரு குழுச் சாவியை முதலில் எல்லாக் கருவிகளுக்கும் இரகசியமாகப் பகிர்ந்துவிட்டு, பிறகு செய்தியை ஒருமுறை மட்டும் பூட்டுகிறார்கள்.

படங்களுக்கும் இதே சிக்கனம். பூட்டிய படம் சேவையகத்துக்கு ஒருமுறைதான் ஏறும். குழுவில் இருப்பவர்களுக்குப் போவது அதை எங்கே எடுக்கலாம் என்ற சுட்டியும் திறக்கும் சாவியும் மட்டுமே. சிக்னல் ஒரு கோட்டுக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆடும் இடத்திலிருந்து அனுப்புபவருக்கு இது சின்ன விடயமல்ல. குரல் செய்திகள் ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் போகின்றன. 2012இல் தரமாக்கப்பட்ட இதை உரிமக் கட்டணமில்லாமல் யாரும் பாவிக்கலாம். எந்தத் தளமும் ஏற்றுக்கொள்ள அதுவே போதும்.

உறங்கும் தொலைபேசியை எழுப்பும் வேலையில்தான் தள உரிமையாளர் மறுபடி தலைகாட்டுகிறார். பெற்றியைக் காக்க, செயலிகள் பின்னணியில் விழித்திருக்க ஐபோன் விடுவதில்லை. அன்ட்ரொயிட்டும் இறுக்கமாகவே இருக்கிறது. எனவே வட்ஸ்அப் சேவையகம் ஐபோனுக்கு அப்பிளின் அறிவித்தல் சேவை வழியாகவும், அன்ட்ரொயிட்டுக்குக் கூகிளின் சேவை வழியாகவும் தட்டி எழுப்புகிறது. மகனின் தொலைபேசி அணைந்து கிடந்தால் செய்தி சேவையகத்தில் 30 நாள் வரை காத்திருக்கும். அதுவரை அம்மாவுக்கு ஒற்றைச் சரி அடையாளம்தான்.

போய்ச் சேர்ந்த செய்தி சேவையகத்திலிருந்து அழிந்துவிடும். பழைய பேச்செல்லாம் கருவிக்குள்ளும் அதன் சேமிப்புப் பிரதிக்குள்ளும்தான் இருக்கும். அன்ட்ரொயிட் அந்தப் பிரதியைக் கூகிள் கணக்கில் வைக்கிறது, ஐபோன் அப்பிளின் ஐகிளவுட்டில் வைக்கிறது. ஒன்றிலிருந்து மற்றது மீட்டெடுக்காது. அன்ட்ரொயிட்டிலிருந்து ஐபோனுக்குப் பேச்சுகளை மாற்ற 2022இல் ஒரு வழி வந்தது. அதற்கும் ஐபோன் புதிதாகவோ முழுவதும் அழிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஐபோனைப் பெட்டி பிரித்த கையோடு இரண்டு கிழமை பாவித்துவிட்டு, பழைய தொலைபேசியில் இருக்கும் அப்பாவின் குரல் செய்திகளை அதற்குக் கொண்டுபோகப் பார்ப்பவர்கள் இங்கேதான் தடக்கி விழுகிறார்கள். மாற்றுவதை முதலில் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இவ்வளவும் தொலைபேசிகளுக்கு இடையிலான சுவரை ஏறிக் கடந்ததே தவிர, சேவைகளுக்கு இடையிலான சுவர் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. வட்ஸ்அப்பிலிருந்து வைபருக்குச் செய்தி போகாது. எல்லாரும் ஒரே நிறுவனத்தின் சேவையகத்தில் தொங்குவதற்கு ஒரு விலையும் உண்டு: 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் இலங்கை அரசு இந்தச் சேவைகளை முடக்கியபோது, சாம்சங், ஐபோன் என்ற பேதமில்லாமல் எல்லாம் ஊமையாயின.

அப்பிள் 2024 செப்டெம்பரில் ஐபோனில் குறுஞ்செய்தியின் புதிய வடிவமான ஆர்சிஎஸ் முறையைச் சேர்த்தது. அன்ட்ரொயிட்டோடு படங்களும் தட்டச்சு அடையாளமும் பரிமாறலாம், ஆனால் தொலைபேசி வலையமைப்பு நிறுவனமும் அதற்கு இடம்கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் இன்னும் முன்னே போகிறது. 2023 செப்டெம்பரில் வட்ஸ்அப் அதன் கீழ் வந்தது. போட்டிச் சேவை கேட்டால் கதவைத் திறக்க வேண்டும்: முதலில் இருவர் பேச்சுக்கு, 2 ஆண்டுகளில் குழுக்களுக்கு, 4 ஆண்டுகளில் குரல், வீடியோ அழைப்புகளுக்கு. பூட்டின் தரம் குறையக் கூடாது என்பதும் சட்டத்தில் உண்டு. ஐமெசேஜ் 2024 பெப்ரவரியில் அந்தப் பட்டியலிலிருந்து தப்பிவிட்டது. சட்டம் காப்பது ஒன்றியத்துக்குள் வாழும் பாவனையாளர்களை மட்டுமே. எனவே இந்தக் குடும்பத்தில் அதன் பயன் பாரிஸில் இருக்கும் இளையவனுக்கே கிடைக்கும். ஒன்றியத்துக்கு வெளியே நிற்கும் சுவிஸில் மகளுக்குக் கிடைக்காது, தருமபுரத்தில் அம்மாவுக்கும் கிடைக்காது.