9007199254740991-ஐத் தாண்டும் எண்களில் கவனம் தேவை

தரவுத்தளங்களுக்கிடையே தகவல் பரிமாறும் மென்பொருள்களைச் சரிபார்க்கும் என் பணியில் அடிக்கடி குறுக்கிடும் எண் 9007199254740991. இரண்டின் 53-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். 53 பகா எண்ணாக இருந்தும் இது பகா எண் அன்று. 6361, 69431, 20394401 ஆகிய மூன்று பகா எண்களின் பெருக்கல்தொகை. இம்மூன்றில் எதை 53-ஆல் வகுத்தாலும் மீதி ஒன்றுதான் வரும். இரண்டின் அடுக்கு பகா எண்ணாக இருக்கும்போதெல்லாம் காரணிகள் இந்த விதிக்குக் கட்டுப்பட்டே அமைகின்றன.

ஆனால் இதை நான் எச்சரிக்கையோடு பார்ப்பதற்குக் காரணம் வேறு. கணினிகள் எண்களைச் சேமிக்கும் முறையை வகுத்து 1985-இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 தரத்தின்படி, 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் (பின்னங்களையும் குறிக்கவல்ல எண் வகையில்) இலக்கங்களைக் காக்கக் கிடைப்பவை 53 இரும இடங்கள் மட்டுமே. இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்கள் யாவும் இவ்வகையின. இரண்டின் 53-ஆம் அடுக்கு வரை எல்லா முழு எண்களும் பிசகின்றி நிற்கும்; அதற்கு மேல் இரட்டைப்படை எண்கள் மட்டும், 54-ஆம் அடுக்குக்கு மேல் நான்கின் மடங்குகள் மட்டும் என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகும். மூன்றால் மீதியின்றி வகுபடும் 9007199254740993-ஐ உள்ளிட்டால் 9007199254740992 பதிவாகி, மீதி இரண்டு என்று விடை வரும். ஒற்றைப்படையே இல்லாத அப்பரப்பில் பகா எண்ணுக்கும் இடமில்லை. ரஷ்யக் கணித ஆர்வலர் பெர்வூஷின் 1883-இல் பகா எண் என்று நிறுவிய 2305843009213693951 (இரண்டின் 61-ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைவு), அங்கே இரண்டின் வெறும் 61-ஆம் அடுக்காக மாறிவிடுகிறது.

அடையாள எண்களில் இது நேரும்போது விளைவு கடுமையானது: பிழைச்செய்தி எதுவும் தோன்றாமலேயே ஒருவருடைய பதிவு இன்னொருவருடையதோடு கலந்துவிடக்கூடும். எக்ஸெல் விரிதாள் இன்னும் முன்னதாக, 15 இலக்கங்களோடு நின்று, மீதமுள்ளவற்றைச் சுழியமாக்கிவிடும். அடையாள எண்ணை யாரும் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை என்பதால், அதைத் தொடக்கம் முதல் இறுதிவரை எழுத்துச்சரமாகவே, அதாவது எண்ணாக அன்றி வெறும் எழுத்துகளின் வரிசையாகவே, வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். 2010-இல் 64 பிட் பதிவு எண்களுக்கு மாறிய ட்விட்டரும் ஒவ்வோர் எண்ணையும் எழுத்துச்சரமாகவும் சேர்த்தே அனுப்பத் தொடங்கியது. கணக்கிட்டே ஆகவேண்டிய இடங்களில் எவ்வளவு பெரிய முழு எண்ணையும் பிசகின்றிக் காக்கும் ஜாவாஸ்கிரிப்டின் பிக்இன்ட் வகையோ, பைத்தான் நிரல்மொழியின் முழு எண்ணோ போதும்.

சோதனைக்கு எந்த எண்ணைத் தேர்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பல சுழியங்களில் முடியும் 10000000000000000 போன்ற எண் பழுதான வழியிலும் மாறாமல் வெளிவரும் என்பதால், எல்லாம் சரி என்ற பொய்யான நிம்மதியைத் தந்துவிடும். பதினேழு இலக்கம் கொண்ட ஒற்றைப்படை எண் ஒன்றை உள்ளீட்டுப் படிவம், இடைமுகம், தரவுத்தளம், விரிதாள் ஏற்றுமதி ஆகிய எல்லாப் படிகளின் வழியாகவும் அனுப்பி, கடைசி இலக்கத்தை ஒவ்வொரு படியிலும் ஒப்பிட்டால், எந்த இணைப்பு பழுதானது என்பது தெரிந்துவிடும்.