இடப்பக்க இருக்கையில் முகதாட்சண்யம் வேண்டாம்

சிங்கப்பூரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர் தடுமாறினால் மிதித்துவிடலாம். நான் பார்க்கும் வேலையில் அது கிடையாது. ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களுக்கு, அவர்களுடைய சொந்தக் காரிலேயே, பந்தயத் தடத்தில் வேகமாகவும் ஒழுங்காகவும் ஓட்டச் சொல்லித் தருகிறேன். இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு இருப்பதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் ஒரு மைக், சீட் பெல்ட், என் வலது கை. பழைய கார்களில் நடுவே ஹேண்ட்பிரேக் கம்பியாவது இருந்தது. இப்போது பெரும்பாலான கார்களில் அந்த இடத்தில் ஒரு சின்னப் பட்டன்தான்.

நம் ஊரில் நிரந்தரமான பந்தயத் தடம் இல்லை. மரினா பே தடம் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காகச் சாலைகளை மூடிச் சில நாளுக்கு மட்டும் அமைக்கப்படுவது. அதனால் ஆர்வமுள்ளவர்கள் எல்லை தாண்டி மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறார்கள். செப்பாங் என்றால் விடிவதற்கு வெகுமுன்பே உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ சோதனைச்சாவடியைத் தாண்டியாக வேண்டும். முதல் நாள் இரவே முக்கால் டாங்குக்குக் குறையாமல் பெட்ரோல் போட்டு வைக்க வேண்டும். பிறகு நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம். பயிற்சி தொடங்கும்போது பலர் மூன்று மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டார்கள். ஆபத்தான மாணவர் என்றதும் திமிர் பிடித்தவரைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். தூக்கமில்லாத, காலையில் எதுவும் சாப்பிடாத, வெயிலில் ஹெல்மெட்டோடு வியர்த்து வடியும் நல்ல மனிதரும் அதே அளவு ஆபத்தானவர்தான். நான் முதலில் கேட்பது காரைப் பற்றி இல்லை. ‘எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்’ என்றுதான் கேட்பேன்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே விரைவுச்சாலையில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் 90 கிலோமீட்டர். செப்பாங்கின் நீண்ட நேர்பகுதியின் முடிவில் நல்ல ஸ்போர்ட்ஸ் கார் 200ஐச் சாதாரணமாகத் தாண்டும். 90க்கும் 200க்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு சொச்சம் என்று தோன்றும். ஆனால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. கிட்டத்தட்ட 5 மடங்கு. 200இல் ஒரு நொடிக்கு 55 மீட்டர் ஓடிவிடும். நான் ‘பிரேக்’ என்று சொல்லி, அது அவர் காதில் விழுந்து, கால் நகர்வதற்குள் ஐம்பது மீட்டர் போய்விட்டது. அதனால் தவறு நடந்த பிறகு திருத்துவது என்ற பேச்சே என் வேலையில் இல்லை. அதற்கு முந்தின வளைவிலேயே பார்த்துவிட வேண்டும்.

அதைப் பார்க்கவும் செய்து, வாயைத் திறக்காமல் இருந்த நாள் ஒன்று உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு, நெருங்கிய நண்பரின் மைத்துனர் மாணவராக வந்தார். அவர்கள் வீட்டில் எத்தனையோ தீபாவளிக்குச் சாப்பிட்டிருக்கிறேன். என்னைவிட வயதில் மூத்தவர், மரியாதையான மனிதர். முதல் இரண்டு சுற்று நன்றாகவே ஓட்டினார். மூன்றாவது சுற்றில் பின்னால் வந்த காருக்கு வழிவிடச் சொல்லி நீலக்கொடி காட்டினார்கள். அவர் பார்க்கவில்லை. நான் சொன்னேன், தலையாட்டினார், வழிவிடவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. கார் வழுக்கினால் தானே பிடித்துக்கொள்ளும் நிலைப்புக் கட்டுப்பாட்டை எப்போது அணைத்தார் என்றே எனக்குத் தெரியாது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிவதை அப்போதுதான் பார்த்தேன். உடனே பிட்டுக்கு, அதாவது தடத்தோரம் கார்களை நிறுத்தும் இடத்துக்கு, திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். ‘சரி, பெரியவர், நாலு பேர் பார்க்கிறார்கள், இந்தச் சுற்று முடியட்டும், இறங்கினபிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்’ என்று நினைத்தேன்.

செப்பாங்கில் 14ஆம் வளைவு தெரிந்தவர்களுக்குத் தெரியும். 13இல் வலப்பக்கம் வளைந்துகொண்டே பிரேக் போட்டு, இன்னும் இறுக்கமாக வலப்பக்கமே திரும்ப வேண்டும். பிரேக் போடும்போது எடை முன்சக்கரங்களுக்குப் போகும். பின்பக்கம் லேசாகிவிடும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கையும் வெடுக்கென்று ஒடித்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். அப்படியே வந்தது. ஒன்றரைச் சுற்று சுற்றித் தடத்தை விட்டு வெளியே போய் நின்றோம். யாருக்கும் அடியில்லை. கார் நின்ற இடத்திலிருந்து டயர் அரண் இரண்டு முழம்தான் இருக்கும், என் பக்கக் கதவுக்கு நேராக. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் ‘சாரி தம்பி, சாரி தம்பி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தப்பு என்னுடையதும்தான் என்று அன்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு என் முறையை மாற்றிக்கொண்டேன். கார் நகர்வதற்கு முன், பிட்டில் நிற்கும்போதே, முகத்தைப் பார்த்து மூன்று விஷயம் சொல்லிவிடுவேன். நான் ‘பிட்’ என்று ஒரு சொல் சொன்னால், காரணம் கேட்காமல் அந்தச் சுற்றிலேயே உள்ளே வரவேண்டும். நிலைப்புக் கட்டுப்பாட்டை என்னைக் கேட்காமல் தொடக்கூடாது. இரண்டாவது முறை ‘பிட்’ என்று சொல்ல வைத்தால் நான் இறங்கிவிடுவேன், திரும்ப ஏறமாட்டேன். கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்ற பேச்சையும் அங்கேயே முடித்துவிடுவேன். ஓடுகிற காரில் பேரம் பேச முடியாது.

அப்புறம், ஓடும்போது கேள்வி கேட்பேன். ‘அடுத்த கொடிக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார்? கையில் என்ன நிறம்?’ பதில் வந்தால் மனதில் இடம் இருக்கிறது என்று அர்த்தம். ‘ம்’ என்று மட்டும் வந்தால், அல்லது எதுவுமே வராவிட்டால், அவர் மூளை நிரம்பிவிட்டது. அந்த நிலையில் நான் கத்தினாலும் உள்ளே போகாது. குரலை உயர்த்தாமல் ‘இந்தச் சுற்று மெதுவாகப் போவோம், பிரேக் ஆறட்டும்’ என்பேன். அது பொய்யும் இல்லை. சுற்றுக்குச் சுற்று சூடேறி பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டே போகும், கார் நிற்காது. காரும் ஆறும், மனிதரும் ஆறுவார்.

பயந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் மெதுவாகப் போவார்கள், ஒன்றும் ஆகாது என்று புதிய பயிற்சியாளர்கள் நினைக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு பெண் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், கணவர் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார். வேகமான 12ஆம் வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டார். அதுவும் எடையை முன்னால் தள்ளும் வேலைதான். பின்பக்கம் நழுவத் தொடங்கியது. நிலைப்புக் கட்டுப்பாடு அணைக்கப்படாமல் இருந்ததால் தானே பிடித்துக்கொண்டது. ‘ஒன்றுமில்லைம்மா, தூரத்தில் பாருங்கள், வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள், காலை மெல்ல வையுங்கள்’ என்று சொல்லிக்கொண்டே உள்ளே அழைத்து வந்தேன். இறங்கியதும், ‘அண்ணே, எனக்கு இது பிடிக்கவே இல்லை, அவரிடம் எப்படிச் சொல்வது?’ என்றார். நான் போய்ச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பரவாயில்லை. விருப்பமில்லாத ஒருவரை அந்த வேகத்தில் உட்கார வைக்க யாருக்கும் உரிமை கிடையாது, கணவருக்கும்.

நம்மவர்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வது கஷ்டம் என்பது உண்மை. தெரிந்தவர் மூலம் வருகிறார்கள், அண்ணன் தம்பி என்று பழகுகிறார்கள், வரும் வழியில் ரொட்டி சானாய் வாங்கித் தருகிறார்கள். காரின் விலையும் ஒரு காரணம். சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழோடு சேர்த்து அத்தனை பணம் கொட்டி வாங்கியவரிடம், உங்களுக்கு இன்னும் ஓட்ட வரவில்லை என்று சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்கிறார். சொல்லும் விதம் முக்கியம்தான். கூட்டத்தில் சொல்லாமல் தனியாக அழைத்து, அவரைப் பற்றிப் பேசாமல் நடந்ததை மட்டும் சொல்வேன்: ‘மூன்று முறை கொடி தெரியவில்லை. இன்றைக்கு இது போதும்.’ அவ்வளவுதான். விளக்கம் நீள நீள, அது வாதமாக மாறிவிடும்.

கற்றுக்கொள்ள வருபவர்களுக்கும் ஒன்று. உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பந்தயத் தடத்தில் நடப்பதற்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்ற வரி வழக்கமாக அதில் இருக்கும். அதைவிட எனக்குப் பெரிய கவலை, மாலையில் நீங்கள் வீடு திரும்பும் சாலை. நாள் முழுவதும் 200ஐப் பார்த்த கண்ணுக்கு 110 நிற்பதுபோலத் தெரியும். அதனால் பயிற்சி முடிந்ததும் யாரையும் உடனே கிளம்ப விடமாட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒருவர் காரிலிருந்து நான் இறங்கிவிட்டேன். இரண்டு முறை ‘பிட்’ சொல்லியும் இன்னொரு சுற்று போனவர். பிட்டில் எல்லாரும் பார்க்க என்னைத் திட்டினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவர் வேறொருவரை ஏற்றிக்கொள்ளாதபடி ஏற்பாட்டாளரிடமும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் கார் மறுபடி தடத்துக்குப் போகவில்லை. இந்தத் தைப்பூசத்தில் டேங்க் ரோட்டில் அவரைப் பார்த்தேன். மகள் பால்குடம் எடுத்து வந்தாள், அவர் தண்ணீர்ப் பாட்டிலோடு பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஒதுங்கி நின்று, அவர்கள் கோயிலுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.