மூச்சை விட்டு நிறுத்துங்க

"மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க."

இதய எம்ஆர்ஐ எடுக்க வரும் ஒருவரிடம் முக்கால் மணி நேரத்துக்குள் இதை எத்தனையோ தடவை சொல்லிவிடுவேன். புதுச்சேரியில் எம்ஆர்ஐ டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் எழுதுவது டாக்டர்தான். ஆனால் அவர் பார்க்கும் படம் தெளிவாக இருப்பது படுத்திருப்பவரின் மூச்சில்தான் இருக்கிறது. இது தெரியாமலேயே பலர் வந்து படுக்கிறார்கள்.

இதயம் சும்மா இருக்கும் உறுப்பு இல்லை. அது துடிக்கிறது, மூச்சுக்கு, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத் தசை ஏறி இறங்கும்போது கூடவே நகரவும் செய்கிறது. துடிப்பை நாங்கள் சமாளித்துவிடுவோம். நெஞ்சில் ஈசிஜி ஒட்டி, அந்தத் தாளத்துக்கு ஏற்ப படத்தைச் சேர்த்துக்கொள்ளும் மெஷின். மூச்சுக்கு உங்கள் உதவி வேண்டும். ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நொடி. இழுத்து நிறுத்தினால் ஒரு தடவை அதிகமாக இழுப்போம், மறு தடவை குறைவாக இழுப்போம். விட்டு நிறுத்தினால் இதயம் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

"எக்கோதான் எடுத்தாச்சே, இது எதுக்கு சார்?" கடலூரிலிருந்து அப்பாவைக் கூட்டிவந்த ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அல்ட்ராசவுண்டில் இதயத்தைப் பார்க்கும் எக்கோதான் முதல் பரிசோதனை. நிறையப் பேருக்கு அதுவே போதும். ஆனால் உடல் பருமனோ நுரையீரல் நோயோ இருந்தால் எக்கோவில் இதயம் மங்கலாகத் தெரியலாம். எம்ஆர்ஐயில் இடது கீழறையை, வாழைத்தண்டை நறுக்குவதுபோல, பத்துப் பன்னிரண்டு வில்லைகளாகப் பார்க்கிறோம். விரியும்போது எவ்வளவு ரத்தம், சுருங்கியபின் எவ்வளவு மிச்சம் என்று வில்லை வில்லையாக அளந்து கூட்டுவோம். 150 மில்லி நிரம்பி 60 மில்லி மிஞ்சினால், வெளியே போனது 90. அதாவது 60 சதவீதம். ரிப்போர்ட்டில் 'இஎஃப்' என்று போட்டிருப்பது இதைத்தான். மூச்சு தவறி ஒரு வில்லை கலங்கினால் கணக்கும் கலங்கும்.

என்னைக் கேட்டால், இந்த எண்ணைவிடத் தழும்பைக் காட்டுவதுதான் இதன் பெரிய பலம். கை நரம்பில் கடோலினியம் மருந்து ஏற்றி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால், செத்த தசை வெள்ளையாகவும் உயிருள்ள தசை கறுப்பாகவும் தெரியும். மாரடைப்புத் தழும்பு இதயச் சுவரின் உட்புறத்திலிருந்து தொடங்கும். வைரஸ் தாக்கி வரும் தசை அழற்சியில் பெரும்பாலும் நடுவிலோ வெளிப்புறத்திலோ இருக்கும். தழும்பு சுவரின் பாதி கனத்தைத் தாண்டிவிட்டால், அடைப்பை நீக்கினாலும் அந்த இடம் மறுபடி நன்றாகச் சுருங்கும் வாய்ப்பு குறைவு. பைபாஸ் செய்யலாமா என்று யோசிக்கும் டாக்டருக்கு இது எவ்வளவு முக்கியம் பாருங்கள். இந்த மருந்து ஏற்றுவதால், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அப்புறம், இரும்பு. எம்ஆர்ஐ மெஷினே ஒரு பெரிய காந்தம்தான், அது இரவிலும் ஓய்வதில்லை. அதன் பலம் 1.5 டெஸ்லா, அதாவது பூமியின் காந்தத்தைப்போலச் சுமார் 30,000 மடங்கு. தாலியைக் கழற்றச் சொன்னால் அம்மாக்கள் கலங்கிப்போகிறார்கள். அந்தக் கலக்கம் எனக்குப் புரிகிறது. தங்கத்தைக் காந்தம் இழுக்காதுதான். ஆனால் சரட்டில் நாலு ஊக்கு மாட்டியிருப்பார்களே, அவை பாயும். நெஞ்சின் மேலேயே எந்த உலோகம் கிடந்தாலும் படமும் கெடும். வீட்டிலேயே மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கோத்துக் கட்டிக்கொண்டு வரலாம்.

சிப்காட்டில் வெல்டிங் வேலை பார்த்த ஒரு அண்ணனிடம் கண்ணில் இரும்புத் தூள் பட்டதுண்டா என்று கேட்டேன். இரண்டு தடவை இல்லை என்றார். மூன்றாவது தடவை, "பத்து வருஷம் முன்னாடி ஒண்ணு... அதெல்லாமா சொல்லணும்?" என்றார். ஆமாம், அதைத்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே உள்ளே விட்டோம். துகள் அசைந்தால் பார்வையே போய்விடலாம். பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டை கட்டாயம் வேண்டும். எல்லாப் பேஸ்மேக்கரும் எம்ஆர்ஐக்கு ஏற்றதல்ல. ஸ்டென்ட் வைத்தவர்கள் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

இப்போதே நெஞ்சு வலிக்கிறதென்றால் ஸ்கேனுக்கு நேரம் கேட்டு ஃபோன் செய்யாதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

தேதி குறித்துவிட்டால், தினமும் படுத்தபடி மூச்சை விட்டு, பத்து எண்ணும்வரை நிறுத்திப் பழகுங்கள். முடியவில்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், குறைந்த நேரத்தில் எடுக்கவும் வழி உண்டு. உள்ளே சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பான் தருவோம். கையில் ஒரு ரப்பர் பந்தும் தருவோம். பயமாக இருந்தால் அதை அமுக்குங்கள், உடனே வெளியே எடுத்துவிடுவோம்.