ஓடினால் சரி, நின்றால் நடுக்கம்: பழைய வண்டியின் காற்றுக் கணக்கு

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய ஆம்னி வேன். மண்டபத்தில் எடுத்தால் பாம்பன் பாலம் ஏறி இறங்கும் வரை ஒரு குறையும் இல்லை. ஊருக்குள் நிறுத்தினால்தான் ஸ்லோ, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோதைய ஓட்டம், நிற்காமல் நடுங்கி ஆஃப் ஆகிறது. “உப்புக்காத்துண்ணே, அப்படித்தான் இருக்கும்” என்று ஒர்க்‌ஷாப்பில் ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றிவிட்டார்களாம்.

நம் கடற்கரையில் எதற்கும் உப்புக்காற்றின் மேல் பழி போட்டுவிடலாம். ஆனால் விடையில் பாதி கேள்வியிலேயே இருக்கிறது: ஓடினால் சரி, நின்றால் கோளாறு. பிளக், டைமிங், கம்ப்ரஷன் ஆகியவற்றில் பழுது என்றால் பாலத்து ஏற்றத்திலும் திணறியிருக்கும். நின்றால் மட்டும் நடுக்கம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, மெக்கானிக்குகள் ‘ஏர் பிடிக்குது’ என்பார்களே, அதை: கீறல் வழியே வெளிக்காற்று உள்ளே கசிவதை.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டரின் வால்வு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் இழுப்பதை நிறுத்துவதில்லை. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 760 மி.மீ. பாதரசம், ஸ்லோவில் ஓடும் நல்ல எஞ்சினின் மேனிஃபோல்டுக்குள் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்) அது சுமார் 250 முதல் 300 வரைதான். இந்த வித்தியாசம், எங்கே கீறல் கிடைத்தாலும் காற்றை உள்ளே தள்ளும்.

இயற்பியலின் அழகு இங்கேதான். உள்ளழுத்தம் வெளியழுத்தத்தில் 53 சதவீதத்துக்குக் கீழே, அதாவது சுமார் 400 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால், கீறலின் குறுகிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் கூடுதலாக வராது. ஒரு சதுர மில்லிமீட்டர் ஓட்டை வழியாக நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர், அவ்வளவுதான் உச்சவரம்பு.

இதை எஞ்சினின் பசியோடு ஒப்பிடுங்கள். ஆம்னி எஞ்சின் 796 சிசி, நான்கு ஸ்ட்ரோக், அதாவது இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் நிரம்பும். 900 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 900 சுற்று) ஸ்லோவில் நிமிடத்துக்கு 450 முறை. கணக்குப்படி 358 லிட்டர். உள்ளழுத்தம் மூன்றில் ஒரு பங்கு என்பதால் உண்மையில் குடிப்பது 120 லிட்டரைச் சுற்றி. அதோடு 12 லிட்டர் திருட்டுக்காற்று என்றால் பத்தில் ஒரு பங்கு! கார்புரேட்டர் தன் வழியாகப் போகும் காற்றுக்குத்தான் பெட்ரோல் அளக்கும். அதற்குக் கீழே நுழைவது அதன் கணக்கில் வராது. கலவை மெலிந்து, தீ மெதுவாகப் பரவி, சில சுற்றுகளில் பற்றாமலே போய்விடும். அதுதான் நடுக்கம். 3000 ஆர்பிஎம்மில் மிதித்து ஓட்டும்போதோ எஞ்சின் 900 லிட்டர் அளவுக்குக் குடிக்கும். உள்ளழுத்தமும் ஏறிவிடுவதால் கசிவு 12 லிட்டருக்கும் குறைவு. நூற்றில் ஒன்று. எஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது பெட்ரோல் பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தனிப் பெட்ரோல் 1 கிராம் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.6 போதும். பழைய கணக்குக்குத் துளையிட்ட ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைப் பாகம்) கலவை ஏற்கெனவே ஏழு சதவீதம் போல மெலிந்திருக்கும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் பதம் பார்க்கும். எந்தப் பழைய கார்புரேட்டருக்கு எந்த அளவு ஜெட் என்று பங்குதோறும் ஒரு தாள் ஒட்டிவைத்தால் என்ன?

சோதனைக்கு எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். காற்றைக் குறைத்துக் கலவையைக் கெட்டியாக்கும் சோக்கைக் கொஞ்சமாக இழுங்கள். நடுக்கம் அடங்கினால் கலவை மெலிவு உறுதி. முன்னைவிட அதிகமாகத் திணறினால் பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டையும் பாருங்கள். மெலிவுதான் என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ், எஞ்சின் புகையை இழுக்கும் ஹோஸ், பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் ஹோஸ் என்று ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடியுங்கள். ஓட்டம் மாறினால் அந்த வழியில்தான் கசிவு. பிறகு கார்புரேட்டருக்கு அடியிலுள்ள பேக்கிங்கைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கீறலைத் தண்ணீர் அடைக்கும் நொடியில் சத்தம் மாறும். பெட்ரோல் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அது தற்கொலை.

கசிவே இல்லையென்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும். அதன் துளை அரை மில்லிமீட்டரைவிடச் சிறியது. பித்தளை என்பதால் கம்பி விட்டால் அகன்றுவிடும். மெல்லிய தங்கூசி (தூண்டில் நைலான்) இழையை நுழைத்து, பிறகு காற்றடியுங்கள். மைலேஜுக்காக டேங்கில் பாச்சா உருண்டை போட்டவர்களுக்கு இந்த அடைப்பு கூடுதல் பரிசு: பெட்ரோல் ஆவியாகிப் போகும், நாப்தலீன் படிகமாகத் தங்கும்.

உப்புக்காற்றுக்கும் உரிய பழியைக் கொடுத்துவிடுவோம். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புப் படலம் தானே நீர்த்து மின்சாரத்தைக் கடத்தும். விடிகாலையில் பிளக் வயர் வழியே ஸ்பார்க் கசிந்து, வெயில் ஏறியதும் சரியாவது அதனால்தான். இருட்டில் பானெட்டைத் திறந்தால் நீலப் பொறி தெரியும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வயரையும் காயில் மூடியையும் துடைத்து உலர்த்தினால் போதும்.

இவ்வளவும் முடிந்த பிறகே ஸ்க்ரூவைத் தொடுங்கள். முதலில் ஸ்லோவின் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவை இருபுறமும் மெல்லத் திருப்பி, ஓட்டம் உச்சத்தில் நிற்கும் இடத்தில் விடுங்கள். பிறகு ஸ்லோ ஸ்க்ரூவால் 900க்கு இறக்குங்கள். கசிவை அடைக்காமல் ஸ்லோவை மட்டும் ஏற்றினால் நடுக்கம் மறையும், பெட்ரோல் காசும் கூடவே மறையும்.