ஆர்டர் கூடுகிறது, கையில் காசு நிற்கவில்லையா? குமரி மாவட்டத் தொழில்களுக்கு ஒரு விளம்பரக் கணக்கு

நாகர்கோவிலில் இருந்துகொண்டு சிறிய, நடுத்தரத் தொழில்களுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்து கொடுக்கிறேன். நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர்கள், மார்த்தாண்டம் தேன் விற்பவர்கள், வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள், கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துகிறவர்கள் என்று பலரும் வருவார்கள். தொழில் ஓரளவு பிடித்து, ஆன்லைனில் மாதம் நூறு இருநூறு ஆர்டர் வர ஆரம்பித்ததும் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "சார், இனி ஆட்டோமேஷன் போட்டுரலாம். விளம்பரக் காசையும் இரட்டிப்பாக்கிருவோம்."

நான் திருப்பிக் கேட்பது இதுதான்: போன மாதம் ஒரு ஆர்டருக்கு உங்கள் கையில் எவ்வளவு நின்றது? மொத்த விற்பனை தெரியும். ஃபாலோயர் எத்தனை, எந்த ரீல்ஸ் ஓடியது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். இந்தக் கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் பதில் வராது. அது தெரியாமல் ஆட்டோமேஷனுக்கு, அதாவது விளம்பரத்தையும் செய்திகளையும் தானாக ஓடவிடுவதற்குப் போவது ஆபத்து. ஏற்கெனவே லாபம் வருகிற வேலையை அது பெருக்கும்; நஷ்டம் வருகிற வேலையையும் அதே வேகத்தில், யாரும் பார்க்காத நடுராத்திரியிலும் பெருக்கும்.

ஒரு சிப்ஸ் ஆர்டரைப் பிரித்துப் பார்ப்போம்

எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் கடை எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

வரி நீங்கலாக ஓர் ஆர்டர் 600 ரூபாய். காய், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்துச் சரக்குக்கு 330. பேக்கிங் 25. கூரியர் 70. பணம் வாங்கும் செலவு 14. மீதி 161 ரூபாய். விளம்பரத்துக்கு 10,000 ரூபாய் போட்டு 100 ஆர்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டாவின் விளம்பரத் திரையில் ரோஆஸ் 6 என்று காட்டும். அதாவது ஒரு ரூபாய் போட்டால் ஆறு ரூபாய் விற்பனை. பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

இப்போது திரையில் வராததைச் சேர்ப்போம். விளம்பரக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லாதவர்களுக்கு 10,000 என்பது 11,800. அப்புறம் ரிட்டன். கேஷ் ஆன் டெலிவரி கொடுத்தால் கொஞ்சம் பார்சல் திரும்பி வரத்தான் செய்யும். நூற்றில் எட்டு திரும்பியது என்றால், ஒவ்வொன்றுக்கும் போகவர கூரியர் 140, பேக்கிங் 25, நொறுங்கிப்போன சிப்ஸ் 330, ஆக 495. எட்டுக்கும் சேர்த்து 3,960 ரூபாய். கையில் சேர்ந்த 92 ஆர்டரில் வந்தது 14,812. அதிலிருந்து 3,960-ஐயும் 11,800-ஐயும் கழித்தால் 948 ரூபாய் நஷ்டம்.

ரோஆஸ் 6, கையில் நஷ்டம். இந்த நிலையில் விளம்பரத்தை இரட்டிப்பாக்கினால் நஷ்டமும் குறைந்தபட்சம் இரட்டிப்பாகும். வழக்கமான ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் அந்த 1,800-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விளம்பரக் கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். பல பேர் கொடுக்காமலே வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதை உங்கள் ஆடிட்டரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

ஓணம் சமயத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் நேந்திரன் குலை விலை ஏறுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாம் விளம்பரத்தைக் கூட்டுவதும் அதே வாரங்களில்தான். சரக்குச் செலவு 330-லிருந்து 380 ஆனால், கையில் நிற்கும் 161 என்பது 111 ஆகிவிடும். ரோஆஸ் மட்டும் அசையாமல் அப்படியே இருக்கும், ஏனென்றால் நீங்கள் காய் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது மெட்டாவுக்குத் தெரியாது. அந்த வாரங்களில் புது வாடிக்கையாளரைத் தேடிக் காசு போடுவதைவிட, ஏற்கெனவே வாங்கியவர்களிடம் முன்பதிவு எடுப்பதே நல்லது என்று நான் சொல்லி வருகிறேன்.

திரும்பி வருகிறவர் யார்?

மேலே உள்ள கணக்கிலேயே தொழில் வளர்வதற்கான வழியும் இருக்கிறது. அதே வாடிக்கையாளர் இரண்டாவது தடவை வாங்கும்போது விளம்பரச் செலவு கிடையாது. பார்சலும் பெரும்பாலும் திரும்பாது. 161 ரூபாயும் முழுசாக உங்களுக்கு. அதனால் முதல் ஆர்டரில் ஒன்றும் நிற்காவிட்டாலும், வாங்கியவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் திரும்பி வருகிறார்கள் என்ற எண் தெரிந்தால், எவ்வளவு விளம்பரம் தாங்கும் என்று துணிந்து முடிவெடுக்கலாம்.

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். பில் போடும் மென்பொருளிலிருந்து எக்செலில் இறக்கி, தொலைபேசி எண்ணை வைத்து எண்ணினால் போதும். ஆனால் இறக்கியதும் எண்ணிவிடாதீர்கள். ஒரே ஆள் ஒரு பில்லில் +91 சேர்த்து, இன்னொன்றில் முன்னால் பூஜ்யம் போட்டு, மூன்றாவதில் நடுவே இடைவெளி விட்டு என்று மூன்று ஆளாக உட்கார்ந்திருப்பார். பெயரை நம்ப முடியாது, ஒரு தடவை தமிழிலும் ஒரு தடவை ஆங்கிலத்திலும் அடித்திருப்பார்கள். இடைவெளியை எடுத்துவிட்டு, கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் தனி நெடுவரிசையில் வைத்தால் உள்நாட்டு எண்கள் ஒழுங்காகிவிடும்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, வளைகுடா எண்கள். அமீரகம், சவூதி எண்களில் நாட்டுக் குறியீட்டுக்கு அப்புறம் 9 இலக்கம். குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைனில் 8 இலக்கம். கடைசிப் பத்தை வெட்டினால் குறியீட்டின் துண்டும் சேர்ந்து வந்து கணக்கு குழம்பும். அவற்றைத் தனியாகப் பிரித்து, நாட்டுக் குறியீட்டோடு முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியவரும். அந்த எண்களில் கணிசமான பேர் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குத்தான் வாங்குகிறார்கள்.

பலர் தவறாக முடிவெடுப்பது இந்த இடத்தில்தான். "துபாயில இருந்து கிளிக் நிறைய வருது, ஆர்டரே இல்ல, அந்த ஊரை எடுத்துரலாமா?" என்று ஒரு பலகாரக் கடை அண்ணாச்சி கேட்டார். அவர் கடையில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும்தான் பேர்போனவை. பில் போடும் பையனிடம் "விளம்பரத்தை யார் பார்த்தது?" என்று ஒரு கேள்வியை மட்டும் சேர்க்கச் சொன்னேன். வந்த பதில்களில் ஒன்று: "மக்களே, எம்மவன் ஷார்ஜால இருந்து போட்டோ அனுப்பினான், அதுல உள்ளது ரெண்டு கிலோ வேணும்." கிளிக் அங்கே, போன் இங்கே. இணைய வருகையை அளக்கும் எந்த அனலிட்டிக்ஸ் கருவியும் இந்த இரண்டையும் தானாகச் சேர்த்துத் தராது. மனிதர் கேட்டு எழுதும் அந்த ஒரு நெடுவரிசை இல்லாமல் வெளிநாட்டு விளம்பரத்தை நிறுத்தியிருந்தால் நல்ல வாடிக்கை போயிருக்கும்.

வெப்சைட் இல்லாமலே அளக்கலாம்

நம் ஊர்க் கடைகள் பலவற்றில் வியாபாரம் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. அவர்களும் அளக்க முடியும். வாட்ஸ்அப் இணைப்பில், அரட்டை திறக்கும்போதே ஒரு வாக்கியம் எழுதப்பட்டு நிற்கும்படி வைக்கலாம். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருக்கும் இணைப்பில் "விலைப்பட்டியல் வேண்டும், இன்ஸ்டா" என்று வையுங்கள். கடை போர்டில் ஒட்டும் கியூஆர் கோடில் "விலைப்பட்டியல் வேண்டும், கடை" என்று வையுங்கள். பார்சலுக்குள் போடும் சீட்டில் "மறுபடி வேண்டும், பார்சல்". மாதக் கடைசியில் இந்த மூன்று சொல்லையும் தேடி எண்ணினால் எந்த வாசல் வழியாக ஆள் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். வெப்சைட் இருப்பவர்களுக்கு, இணைப்பின் கடைசியில் சேர்க்கும் யுடிஎம் குறியீடு செய்யும் வேலையும் இதுதான்.

கூகுள் அனலிட்டிக்ஸ் 4 வைத்திருப்பவர்கள் உடனே மாற்ற வேண்டிய அமைப்பு ஒன்று இருக்கிறது. விரிவான ஆய்வுகளுக்கான தரவை அது வழக்கமாக 2 மாதம்தான் வைத்திருக்கும். அமைப்புகளில் போய் 14 மாதமாக்கலாம், காசு கிடையாது. கன்னியாகுமரி போன்ற சீசன் ஊருக்கு இது மிக முக்கியம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்வரும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், மே மாத விடுமுறைக் கூட்டம் என்று மாதத்துக்கு மாதம் நிலவரம் மாறும். டிசம்பரை நவம்பரோடு ஒப்பிட்டு "விளம்பரம் வேலை செய்கிறது" என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. போன டிசம்பரோடுதான் ஒப்பிட வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் கழிந்துபோன தரவு திரும்ப வராது.

அனலிட்டிக்ஸ் காட்டும் ஊர் பெயரை நம்பியும் முடிவெடுக்காதீர்கள். ஐ.பி. முகவரியை, அதாவது இணைய இணைப்பின் எண்ணை வைத்துத்தான் அது ஊரைக் கணிக்கிறது; மொபைல் டேட்டாவில் பார்க்கும் நாகர்கோவில்காரர் சென்னைக் கணக்கில் விழுவது சாதாரணம். பார்சல் போகும் பின்கோடு பொய் சொல்லாது. 629-ல் தொடங்குவது எத்தனை, திருவனந்தபுரத்து 695 எத்தனை என்று எண்ணுங்கள்.

விளம்பரம் யாருக்குப் போகிறது?

கூகுள் விளம்பரத்தில் இடம் தேர்ந்தெடுக்கும்போது, அந்த இடத்தில் இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுகிறவர்களையும் சேர்ப்பதுதான் இயல்பான அமைப்பு. வேறு ஊர்களில் இது பெரிய விஷயமில்லை. கன்னியாகுமரியைத் தேடுகிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். லாட்ஜ்காரருக்கு இந்த அமைப்பு வரம். டியூஷன் சென்டருக்கும் பல் மருத்துவமனைக்கும் தண்டச் செலவு. அவர்கள் "அங்கே இருப்பவர்கள் மட்டும்" என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

அதேபோல நாகர்கோவிலை மையமாக வைத்து 40 கிலோமீட்டர் வட்டம் போட்டால், தெற்கும் மேற்கும் கடல். மீதியில் ஒரு பக்கம் கேரளத்துப் பாறசாலையும் இன்னொரு பக்கம் திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூரும் உள்ளே வந்துவிடும். பாறசாலைக்கு மலையாளத்தில் தனி விளம்பரம் வேண்டும், கணக்கும் தனியாக வேண்டும். வட்டத்துக்குப் பதில் ஊர்களைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள்.

இனி ஆட்டோமேஷன்

ஒரு ஆர்டருக்கு எவ்வளவு நிற்கிறது, எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், எந்த வாசல் வழியாக வருகிறார்கள் என்ற மூன்றும் தெரிந்த பிறகு ஆட்டோமேஷன் உண்மையிலேயே பெரிய துணை. ஆர்டர் உறுதிச் செய்தி, கூரியர் எண், பணம் கட்டாமல் விட்டவருக்கு ஒரு நினைவூட்டல், இவற்றைத் தானாகப் போகும்படி செய்தாலே ஒரு ஆளின் பாதி நாள் மிச்சமாகும். அடுத்தது மறு ஆர்டர் நினைவூட்டல். எத்தனை நாளில் அனுப்புவது என்பதை ஊகிக்க வேண்டாம். திரும்பி வந்தவர்கள் சராசரியாக எத்தனை நாள் கழித்து வந்தார்கள் என்று உங்கள் எக்செலே சொல்லும். அதற்கு ஓரிரு நாள் முன்னால் அனுப்புங்கள்.

சாதாரண வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். அதைத் தாண்டினால், வேறு மென்பொருளிலிருந்து வாட்ஸ்அப் செய்தி அனுப்பும் ஏபிஐ வழி. அங்கே வாடிக்கையாளர் கடைசியாகப் பேசி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட்டை, அதாவது செய்தி மாதிரியைத்தான் அனுப்ப முடியும். விளம்பரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் காசு.

காசைவிட எனக்குக் கவலை தருவது வேறு. "கன்னியாகுமரி மாவட்டம், இத்தனை ஆயிரம் நம்பர்" என்று பட்டியல் விற்கிறவர்கள் உங்களிடமும் வந்திருப்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். சம்மதம் இல்லாமல் தனிநபர் தகவலைப் பயன்படுத்துவதற்கு எதிராக 2023-ல் சட்டமே வந்துவிட்டது. அதற்கும் முன்னால், பெறுகிறவர்கள் பிளாக் செய்வார்கள், புகார் செய்வார்கள், வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கும். கடை போர்டிலும் பையிலும் வருடக்கணக்காக அச்சடித்த எண் அது.

தானாகப் போகும் எந்தச் செய்தியையும் நிறுத்துவதற்கு ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். கடல் சீற்றமாக இருந்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடாது. அன்றைக்கும் லாட்ஜ் எண்ணிலிருந்து "படகுப் பயணத்துக்குத் தயாரா?" என்று செய்தி போனால், விருந்தினர் கோபம் வரவேற்பறையில் நிற்கும் பையன் மேல்தான் இறங்கும். புயல் எச்சரிக்கை வந்த நாளில், மீன்பிடிக்கப் போனவர்களை எதிர்பார்த்துக் கரையில் நிற்கும் குடும்பங்களின் போனுக்குத் தள்ளுபடிச் செய்தி போகவே கூடாது. 2017 ஒக்கி புயலை மறக்காத மாவட்டம் இது. அதேபோல, பார்சல் உடைந்து வந்தது என்று ஒருவர் எழுதிவிட்டால், அந்த நிமிடமே அவருக்குப் போகும் தானியங்கிச் செய்தி எல்லாம் நின்று, மனிதர் பேச வேண்டும். தேன் விற்பவர்கள், சரக்கு தீர்ந்ததும் விளம்பரம் நிற்கும்படி விதி வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி தொடங்கி சில மாதம் எடுக்கும் தேனை வருடம் முழுக்க விளம்பரப்படுத்திக்கொண்டிருக்க முடியாது.

ஆள் வைத்துச் செய்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. விளம்பரக் கணக்கு, அனலிட்டிக்ஸ், கூகுள் பிசினஸ் புரொஃபைல், வாட்ஸ்அப் ஏபிஐ எல்லாம் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் திறந்திருக்க வேண்டும். ஏஜென்சிக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள், என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏஜென்சி பெயரில் இருந்தால், பிரியும்போது பல வருடத் தரவு அவர்களோடு போய்விடும். இன்றைக்கே ஒவ்வொன்றின் அமைப்புகளிலும் போய், உரிமையாளர் என்ற இடத்தில் யார் மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். வேறு பெயர் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே உங்களை நிர்வாகியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெட்டா விளம்பரக் கணக்கை மட்டும் எளிதில் கை மாற்ற முடியாது. அதற்கு உங்கள் பெயரில் புதிதாக ஒன்று திறந்து, அடுத்த மாத விளம்பரத்தை அதில் தொடங்கச் சொல்லுங்கள்.